தொழில்: வாட்ச்மேன்

பதினான்கு. சின்ன பிளாஸ்டிக் வில்லை, அதில் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய எண். சீனிராஜ் அதைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து நான்கின் வாலைப் பாதி அழித்துவிட்டிருந்தார். உள்ளே போயிருப்பது ஒன்பது. இன்னும் நாலு பேர், அப்புறம் இவர். மதுரையிலிருந்து சனிக்கிழமை மட்டும் வரும் நரம்பு டாக்டர். ஒருத்தரை ஐந்து நிமிஷத்தில் அனுப்புவார், ஒருத்தரை அரைமணி நேரம் வைத்துக்கொள்வார், ஒரு நிதானமே கிடையாது. அதுவரைக்கும் இந்த மூலை பெஞ்சில், மீன் தொட்டிக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில், தெரிந்த முகம் எதுவும் உள்ளே வந்துவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கோவில்பட்டியில் இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரியாத முகம் எங்கே இருக்கிறது? யாராவது கேட்டால் முதுகுவலி. மனைவி ராமலட்சுமி வாசல்வரை வந்து அதைத்தான் சொல்லி அனுப்பினாள், முதுகுவலி, முதுகுவலி, மறந்துராதீக. வண்டி ஓட்டுகிறவனுக்கு முதுகுவலி வராமல் என்ன வரும், யாரும் மறுபேச்சுக் கேட்கப்போவதில்லை. ஆனால் மேசையில் எஸ்தர் சிஸ்டர் இருக்கிறாள். அவளுடைய தொண்டை ஊருக்கே தெரியும். மூணு வருஷத்துக்கு முன்னால் காலில் ஆணி எடுக்க இதே கிளினிக்குக்கு வந்தபோது, “மூலம் யாருப்பா? மூலம்! உள்ள போங்க” என்று அவள் போட்ட சத்தத்தில் ஹாலே திரும்பிப் பார்க்க, எழுந்த பெரியவருக்கு உள்ளே போவதா வெளியே ஓடுவதா என்று தெரியவில்லை. சீனிராஜும் சிரித்தார், நன்றாகவே சிரித்தார். போதாக்குறைக்கு அந்த அட்டைகள் வேறு. தேடி எடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று எஸ்தரே செய்துவைத்த ஏற்பாடு: சர்க்கரைக்குப் பச்சை அட்டை, பிரஷருக்கு நீலம், வலிப்புக்கு மஞ்சள். இங்கே நாலு தடவை வந்துபோனவர்களுக்கெல்லாம் இது அத்துப்படி. மேசைமேல் அடுக்கில் அடியிலிருந்து மூன்றாவதாக ஒரு மஞ்சள் விளிம்பு தெரிகிறது. அது வேறு யாருடையதாகவும் இருக்கலாம். இல்லை, அவருடையதுதான். இன்றைக்கு என்னவோ எஸ்தர் எண்ணை மட்டும் சொல்லிக் கூப்பிடுகிறாள், அதுவும் பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடக் கேட்காத குரலில். சளி பிடித்திருக்கும். சளி எத்தனை நேரம் தாங்கும்? பதினாலாம் நம்பர் வருவதற்குள் தொண்டை திறந்துகொண்டால்?

ஒரே ஒரு தடவைதான் வந்தது. வந்தது என்றுகூட அவரால் சொல்ல முடியாது, வந்ததாக ராமலட்சுமி சொன்னாள். போன வாரம் திங்கள், காலை ஆறு மணி, ஸ்கூல் வேனைக் கழுவத் தண்ணீர் வாளியை எடுக்கக் குனிந்தார். வாளியின் கைப்பிடிவரை நினைவிருக்கிறது, அதில் சுற்றியிருந்த சைக்கிள் டியூப்கூட நினைவிருக்கிறது. அடுத்தது அழுது வீங்கிய அவள் முகம், வாயில் ரத்தத்தின் உப்பு, நனைந்த கைலி, வலது உள்ளங்கைக்குள் இறுகிக் கிடந்த வேன் சாவி. நடுவில் மூணு நிமிஷம். அந்த மூணு நிமிஷம் எங்கே போனது? உறக்கம் என்றால் உறங்கினோம் என்றாவது தெரியும். இது அப்படியில்லை, யாரோ கத்தரித்து எடுத்துக்கொண்டு போனது போல இருந்தது. இரும்பு கையில் இருந்தால் வலிப்பு நின்றுவிடும் என்று அவளுக்குச் சொல்லித்தர யாரும் தேவைப்படவில்லை; கைக்கு அகப்பட்டது சுவரில் தொங்கிய சாவி, அதை அவர் விரல்களைப் பிரித்து உள்ளே திணித்துத் தன் இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டாளாம். சாவியின் பல் உள்ளங்கையில் பதிந்த தடம் மூணு நாள் போகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் அந்த இடம் விண்ணென்றது. ஆமாம், பிடித்தார். திங்கட்கிழமை மட்டும் காய்ச்சல் என்று லீவு சொன்னார், செவ்வாய்க்கிழமை ஏழேகாலுக்கு வேன் புறப்பட்டுவிட்டது. நாலு நாள், அப்புறம் இந்த வாரம் ஐந்து நாள். ஒன்பது நாள், போகவும் வரவும் பதினெட்டு நடை, நடைக்குப் பத்தொன்பது பிள்ளைகள். ஒன்றும் ஆகவில்லையே. ஒரு கீறல் விழுந்ததா? சடன் பிரேக் போட்டாரா? பதினெட்டு நடை போனவன் பத்தொன்பதாவது நடை போகமாட்டானா? இந்தக் கேள்வியை ராத்திரியும் பகலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார், ஒவ்வொரு தடவையும் போவான் என்றுதான் பதில் வருகிறது, வந்த கையோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறார்.

போன சனிக்கிழமை டாக்டர் அறைக்குள் இருந்தபோது நல்ல மழை, ஹாலில் ஆளே இல்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார். “இங்க நீங்க சொல்றது இந்த ரூம விட்டு வெளிய போகாது. உங்க வீட்டுக்காரம்மா வந்து கேட்டாக்கூட உங்கள கேக்காம சொல்ல மாட்டோம். அதனால மறைக்காமச் சொல்லணும். என்ன வேல பாக்குறீங்க?” இப்படிப்பட்ட வார்த்தையை இதுவரை யாரும் சீனிராஜிடம் சொன்னதில்லை. கண் கலங்கிப்போனது. கலங்கிய கண்ணோடேயே, “தீப்பெட்டி ஆபீஸ்ல வாட்ச்மேனுங்க” என்றார். எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? மச்சினன் பார்க்கிற வேலை அது. நாக்கு அதைத் தயாராக வைத்திருந்தது போல எடுத்து நீட்டிவிட்டது. டாக்டர் எழுதிக்கொண்டார். தொழில்: வாட்ச்மேன். தலையெல்லாம் வயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள், ரிப்போர்ட் அடுத்த வாரம் என்றார்கள். வண்டி கிண்டி ஓட்டாதீங்க, சைக்கிள்கூட வேண்டாம், கிணத்துல எறங்காதீங்க, கையில சாவி குடுக்குறதால வலிப்பு நிக்காது, தூக்கம் கெட்டா திரும்ப வரும், நைட் டூட்டி வேணாம்னு உங்க முதலாளிக்கு லெட்டர் தாறேன் என்று சொல்லி எழுதியும் தந்துவிட்டார் மனுஷன். அந்தக் கடிதம் இன்னமும் சட்டைப்பையில் இருக்கிறது, இல்லாத வாட்ச்மேனுக்கு இல்லாத முதலாளி தரவேண்டிய பகல் வேலைக்காக. ரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவரிடமே பொய் சொல்லிவிட்டு வந்தோமே என்று படியிறங்கும்போதே உறுத்தியது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். மழை பெய்துகொண்டிருந்தது. மழை ஒரு காரணமா? சொன்னால் அவர் என்ன சொல்லுவார் என்று தெரியும், அதுதான் காரணம். வேனை விட்டு இறங்கு என்பார். இறங்கி எங்கே போவது? ஸ்டியரிங்கை விட்டால் இந்தக் கைகளுக்கு வேறு என்ன தெரியும்? தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் நிஜமாகவே உட்கார வேண்டியதுதான். அதுகூட மச்சினன் தயவில். தெருவில் போனால், காக்கா வலிப்புக்காரன் போறான் என்று பின்னால் ஒரு குரல் வரும், அந்தக் குரலைத் திரும்பிப் பார்க்காமல் நடக்கப் பழக வேண்டும்.

வியாழக்கிழமையை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்று நினைத்தவுடன் ரயில்வே கேட் வந்து நின்றுவிட்டது. சாயங்கால நடை, கேட் மூடியிருந்தது, சரக்கு வண்டி நீளமாகப் போய்க்கொண்டிருந்தது, பெட்டிகளை எண்ணிக்கொண்டு இருந்தார், பதினேழு, பதினெட்டு. அடுத்து, “மாமா, கேட்டு தொறந்தாச்சு மாமா” என்று தோளில் ஒரு சின்னக் கை. பின்னால் ஏழெட்டு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டி எதுவும் இல்லை, தண்டவாளம் வெறுமனே கிடந்தது. யோசனையில் இருந்துவிட்டார், அவ்வளவுதான். எல்லா டிரைவருக்கும் நடக்கிறதுதான். எந்த யோசனை? என்ன யோசித்தார் என்று சொல்லட்டுமே பார்ப்போம். பதினெட்டாவது பெட்டிக்கும் அந்தச் சின்னக் கைக்கும் நடுவில் என்ன இருந்தது? யோசனை. அலுப்பு. ஒன்றுமில்லை. வண்டி நின்றுகொண்டிருந்தது, அதுதான் முக்கியம், கால் பிரேக்கில்தான் இருந்தது. ஓடிக்கொண்டிருந்தபோது என்றால்? அந்தப் பாலத்து இறக்கத்தில் என்றால்? பத்து, என்று எஸ்தர் யாருக்கோ மெதுவாகச் சொன்னாள். தொட்டியில் ஒரு மீன் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு அவரையே பார்த்தது. தோளில் கை வைத்தது தன்ஷிகா. யூகேஜி, டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்காருகிறவள். பள்ளிக்கூட வாசலில் வேன் நுழையும்போது தினம் ஒரு பிள்ளை ஹாரன் அடிக்கலாம் என்று அவர் ஒரு முறை வைத்திருக்கிறார், வருகிற திங்கட்கிழமை அவள் முறை, அதை அவள் பத்து நாளாக நினைவுபடுத்திக்கொண்டு வருகிறாள்.

“ஐ, வேன் மாமா!” நினைப்புத்தான் குரலாகிவிட்டதோ என்று ஒரு கணம் பயந்து போனார். இல்லை. வாசலில் நிஜமாகவே தன்ஷிகா, ஊதாச் செருப்பு, அவள் பின்னால் அவள் அம்மா கோமதி, கையில் ஸ்கேன் கவர். ஹாலில் எத்தனையோ நாற்காலி காலியாக இருந்தும் கோமதி நேராக வந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். “என்ன அண்ணாச்சி, நீங்க எங்க இங்க? உடம்புக்கு என்ன?” முதுகுவலி. சொல்லியாயிற்று. சரியாகத்தான் சொன்னார், முதுகைத் தொட்டுக்கூடக் காட்டினார். “அதான பாத்தேன். எங்க அத்தைக்குத்தான் கை நடுங்குது, சோத்த அள்ளி வாய்க்குக் கொண்டுபோகுமுன்ன பாதி மடியில கெடக்கு. ரிப்போர்ட்ட மட்டும் காட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். ராத்திரி படுக்கையிலயே...” என்று அத்தையின் சகலத்தையும் அவள் சொல்லிக்கொண்டே போனாள். பெற்றோர்களின் வாட்ஸப் குழுவை நடத்துகிறவள் கோமதி. வேன் ஐந்து நிமிஷம் தாமதமானால் அவள் ஒரு வரி போடுவாள், பத்தொன்பது வீட்டிலும் போன் கிணுகிணுக்கும். இந்த வாய்க்கும் அந்த மஞ்சள் அட்டைக்கும் நடுவில் பத்தடி தூரம். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. கோமதிக்கு நோய் தெரியாது, வேலை தெரியும். எஸ்தருக்கு நோய் தெரியும், வேலை தெரியாது. இவள் “வேன் அண்ணாச்சி” என்று அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் “மாத்திரை ஒழுங்காப் போடுறீகளா” என்று இந்தப் பக்கம் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை கேட்டால் போதும். இரண்டு பாதியையும் ஒட்டவிடாமல் நடுவில் உட்கார்ந்திருக்கிறார் அவர், நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கதவை முட்டுக்கொடுத்துக்கொண்டு. எழுந்து போய்விடலாமா? ரிப்போர்ட்? ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் எல்லாப் பொய்யும் பொய்யில்லை என்று ஆகிவிடும். ஆகுமா? வியாழக்கிழமை என்ன ஆகும்?

பதினொன்று, என்றாள் எஸ்தர். கோமதி அவள் பக்கம் கண்ணைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள். “இந்தச் சிஸ்டர் முன்ன மாதிரி கத்துறதில்ல, பாத்தீகளா? போன வருஷம் ஒரு பிள்ளைக்கு நிச்சயமே முடிஞ்சிருந்துச்சு. இவ இங்கன நின்னுக்கிட்டு ‘வலிப்பு மாத்திர யாருக்கு’ன்னு சத்தம் போட்டிருக்கா. மாப்பிள்ளையோட சித்தப்பாவாம், இந்தா இதே பெஞ்சுலதான் உக்காந்திருந்திருக்காரு. அம்புட்டுத்தான், கல்யாணம் நின்னு போச்சு. பிள்ளையோட அப்பா மறுநா வந்து ஒரு வார்த்த ஏசலையாம். மேசைக்கு முன்னால மத்தியானம்வரைக்கும் சும்மா நின்னுட்டுப் போனாராம். அன்னையிலேருந்து இவ நம்பரத் தவிர எதுக்கும் வாயத் தொறக்குறதில்ல.” சொல்லிவிட்டு, கேட்காமலே அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னாள், எந்தத் தெரு என்று சொன்னாள், இப்போது எங்கே வேலை பார்க்கிறது என்பதையும் சொன்னாள். சீனிராஜுக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. ஒரு வருஷம் ஆகிவிட்டது, சத்தம் போட்டவள் வாயை மூடிக்கொண்டாள், சத்தம் மட்டும் இன்னும் நிற்கவில்லை, தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்தது நம் பெயர். சீனிராஜ், வேன் ஓட்டுவாரே, வலிப்பாம், பிள்ளைகளை வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார், பாவி. பாவி என்று சொல்லுவார்களா? சொல்லத்தான் வேண்டும். அவராக இருந்தாலும் சொல்லியிருப்பார். பன்னிரண்டு. தன்ஷிகா மீன் தொட்டியை விட்டுவிட்டு அவர் முழங்காலில் வந்து சாய்ந்துகொண்டாள். பவுடர் வாசனை, வேர்த்த முடி. “அம்மா, மாமா அன்னைக்குக் கேட்டுல தூங்கிட்டாங்க தெரியுமா? கண்ணத் தொறந்துக்கிட்டே. எல்லாரும் பீப்பீன்னு அடிச்சாங்க, மாமா முழிக்கவே இல்ல, நாந்தான் எழுப்பி விட்டேன்.” சொல்லிவிட்டாள். முடிந்தது. கோமதி சிரித்தாள். “அலுப்பு இருக்காதாடி? விடியவும் எந்திரிச்சு உங்க எல்லாரையும் கட்டி மேய்க்காரு” என்று பிள்ளையின் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். உண்மை நடு ஹாலில், பட்டப்பகலில், பிள்ளையின் வாயால் வந்து விழுந்தது, அதை அலுப்பு என்று துடைத்துவிட்டாள். இவர் இவ்வளவு நாள் எதற்குப் பயந்தார்? யாரும் நம்பப்போவதில்லை. அவர்மேல் அவ்வளவு நம்பிக்கை.

“பதினாலு.” எஸ்தர் எதிரில் நின்றாள், எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பதின்மூன்றாம் நம்பர்க்காரர் வரவில்லை போல. அவள் கையில் அவருடைய ஃபைல், பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுவது போல அதற்குக் காக்கி அட்டை போட்டு, பெயர் தெரியாமல் மார்போடு கவிழ்த்துப் பிடித்திருந்தாள். மஞ்சள் விளிம்பு ஒரு நூல் அளவு மட்டும் தெரிந்தது. கோமதி முந்திக்கொண்டாள். “சிஸ்டர், இவருக்கு நல்லாப் பாக்கச் சொல்லுங்க. எங்க பிள்ளைக பத்தொம்பதும் இவர் கையிலதான இருக்கு. ஸ்கூல் வேன் ஓட்டுறாருல்லா. முதுகுல பெருசா ஒண்ணுமில்லைல்ல?” இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டுவிட்டது. எஸ்தர் காக்கி அட்டையை விரலளவு திறந்து ஒரு வரியைப் பார்த்தாள், மூடினாள். தன்ஷிகாவைப் பார்த்தாள், அவர் முழங்காலில் சாய்ந்திருந்த பிள்ளையை, பிறகு அவரை. கத்தப்போகிறாள். கத்தட்டும். ஐயோ, கத்தித் தொலையேன் என்று ஒரு கணம் மனசு கெஞ்சியது, நீ கத்திவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்காது. “அத நான் சொல்லப்பிடாதும்மா,” என்றாள் எஸ்தர், அந்தச் சளி பிடித்தது போன்ற குரலில். “உங்க அத்தை விஷயத்த இவரு கேட்டாலும் சொல்ல மாட்டேன்.” கோமதி, சரிதான் என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டாள்.

தப்பித்தாயிற்று. இவள் வெளியே சொல்ல மாட்டாள். உள்ளே டாக்டரிடம் சொல்லுவாள், அவர் திட்டுவார், கையைப் பிடித்துக் கெஞ்சுவார், ஆனால் அவரும் அந்த அறையை விட்டு வெளியே விட மாட்டார், அவர் வாக்குக் கொடுத்தவர். ராமலட்சுமி சொல்ல மாட்டாள். பிள்ளை சொன்னால் சிரிப்பார்கள். எல்லாக் கதவும் பூட்டியாயிற்று, அவருக்காகத்தான் பூட்டியிருக்கிறார்கள், நல்லவர்கள். திங்கட்கிழமை ஏழு இருபதுக்கு கோமதி வீட்டு முக்கில் வேன் நிற்கும், இந்தப் பிள்ளை ஊதாச் செருப்போடு ஏறும், நேர் பின்னால் உட்காரும், பாலத்து இறக்கம் வரும். தடுக்க உலகத்தில் ஒருத்தரும் இல்லை. சீனிராஜ் பைக்குள் கையை விட்டார், சாவி இருந்தது. அதை உள்ளங்கைக்குள் வைத்து ராமலட்சுமி மூடியது போல மூடி அழுத்தினார், பழைய தடத்திலேயே பல் போய் உட்கார்ந்தது. டாக்டர் சொன்னது சரிதான், சாவி ஒன்றும் செய்யாது. எதுவும் நிற்கவில்லை.

“சிஸ்டர்,” என்றார். குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டது, ஹால் திரும்பியது. “அதுல வாட்ச்மேன்னு எழுதியிருக்கும். அத அடிச்சிருங்க. ஸ்கூல் வேன் டிரைவர்னு எழுதுங்க.” எஸ்தர் பதறி, “அண்ணாச்சி, உள்ள வந்து சொல்லுங்க, இங்க வேணாம்” என்று அவர் கையைப் பிடித்தாள். “இங்கதான் சிஸ்டர் சொல்லணும்.” கோமதியின் பக்கம் திரும்பினார், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் மடியிலிருந்த ஸ்கேன் கவரைப் பார்த்தார். “தங்கச்சி, எனக்கு முதுகுவலி இல்ல. வலிப்பு. பன்னெண்டு நாளாச்சு. பிள்ள சொல்லுச்சே, கேட்டுல தூங்கிட்டேன்னு, அது தூக்கம் இல்லம்மா. தெரிஞ்சேதான் ஓட்டுனேன். திங்கக்கெழமை வேன் வராது. எல்லா வீட்டுக்கும் நீங்களே சொல்லிருங்க.” முதலில் கோமதியின் கைதான் அசைந்தது, பிள்ளையின் தோளைப் பற்றி அவர் முழங்காலிலிருந்து வெடுக்கென்று இழுத்துத் தன் மடியோடு சேர்த்துக்கொண்டது. அப்படித்தான் செய்யவேண்டும் என்று சீனிராஜ் நினைத்தார். முழங்காலில் அந்தச் சூடு இன்னும் இருந்தது. எஸ்தர் ஃபைலை மேசையில் வைத்து, பேனாவைத் திறந்து, ஒரு வார்த்தையை அடித்தாள். தன்ஷிகா அம்மாவின் கைக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப என் முறை மாமா?” என்றாள்.